ஒன்றரைச் சுற்று

அன்றைக்குப் பதினேழாவது முறையும் சுமிரே ஒன்றரைச் சுற்றோடுதான் இறங்கினாள். போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பனிச்சறுக்குப் பலகையின் வால் முன்னால் வர, காற்றடைத்த மெத்தையின் மேல் துளித் தடுமாற்றமும் இல்லாமல் வழுக்கி வந்து நின்றாள். விவரம் தெரியாதவர்கள் கைதட்டுவார்கள். அன்றைக்கும் கம்பி வேலிக்குப் பின்னால் ஐஸ் தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் தட்டினார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. வேண்டியது இரண்டு முழுச் சுற்று. மே மாதத்திலிருந்து அவள் ஒன்றரையிலேயே நிற்கிறாள். குறைவதும் இல்லை, கூடுவதும் இல்லை. கூடுதலாகக் கொஞ்சம் சுற்றிவிட்டு விழுந்து புரண்டிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். விழுகிறவள் முயற்சி செய்கிறாள் என்றாவது நினைத்துக்கொள்ளலாம்.

“எப்படி இருந்துச்சு கோச்? பாத்தீங்களா?”

“தோளைச் சீக்கிரம் திறந்துடறே. அதே தப்பு. இடது தோள் முன்னாடி போய்க்கிட்டே இருக்கணும், நடுவுல நிக்கக் கூடாது. எத்தனை தடவைதான் சொல்றது?”

“சரிங்க கோச்.”

பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் மறுபடி படியேறப் போனாள். நூற்றுப் பன்னிரண்டு படிகள். ஆகஸ்ட் மாத வெயில். நாகானோவில் பனி விழ இன்னும் நாலு மாதம் இருக்கிறது என்பதால், இரும்புச் சாரத்தின் மேல் தேய்க்கிற பிரஷ் மாதிரி பிளாஸ்டிக் முள் விரிப்பைப் போட்டு, அதன் மேல் நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்து, அதில் சறுக்கி வந்து தாவுகிறோம். விழுந்தால் முள் தோலைச் சீவிவிடும் என்று எல்லோரும் அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள். நனைந்த பிளாஸ்டிக் வாசனையும், மெத்தைக்குக் காற்று ஊதுகிற விசிறிகளின் இரைச்சலும் எனக்குச் சொந்த வீடு மாதிரி பழகிப்போயிருந்தன.

தளத்தில் நான் கோச். வீட்டில்தான் அப்பா. அவளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது இந்தச் சட்டத்தை நான்தான் போட்டேன். தளத்தில் ‘நீங்க’, வீட்டில் ‘நீ’. செல்லம் கொஞ்சுகிற இடத்தில் பயிற்சி நடக்காது என்று எங்கேயோ கேட்டதை அப்படியே பிடித்துக்கொண்டேன். அவளும் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. வண்டியின் கதவைத் திறந்து காலைத் தரையில் வைத்தால் ‘கோச்’, மாலையில் ஏறிக் கதவைச் சாத்தினால் ‘அப்பா, பசிக்குது.’ கதவு சாத்துகிற சத்தத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை. எனக்கு அதில் பெருமை வேறு.

கோபேயில் இருந்த அச்சக வேலையை விட்டுவிட்டு இந்த மலைக்கு நானும் அவளும் வந்து ஐந்து வருடம் ஆகிறது. விடிவதற்குள் எழுந்து லெட்டூஸ் தோட்டத்தில் பெட்டி ஏற்றுகிறேன், பத்து மணிக்கு மேல் இவளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுகிறேன். என் மனைவி யசுயோ வரவில்லை. மருந்துக்கடை வேலையை விட முடியாது என்றாள். முதலில் மாதம் ஒருமுறை வந்து போனாள், பிறகு பண்டிகைக்கு, பிறகு தொலைபேசி. செப்டம்பர் கடைசியில் மாகாண இளையோர் அணிக்குத் தேர்வு. இரண்டு முழுச் சுற்று இல்லாத பெண்ணை அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சுமிரே அந்த அணிக்குள் போய்விட்டால் இந்த ஐந்து வருடத்துக்கும் ஒரு கணக்கு நேராகிவிடும் என்று நான் இருந்தேன். அவளை அல்ல, என்னைத்தான் தேர்வு செய்யப் போகிறார்கள் என்பது போலத் தூக்கம் கெட்டுக் கிடந்தேன்.

ஓகிதா அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஐம்பத்திரண்டு வயது. பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிறவர். மூன்று வருடமாக ஒரே ஒரு முழுச் சுற்றுக்கு மன்றாடிக்கொண்டிருக்கிறார். முக்கால் சுற்றில் பக்கவாட்டில் விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்து வருவார்.

“நான் செஞ்ச பல்லை நானே மாட்டிக்கிற நாள் தூரத்துல இல்லன்னு வீட்ல சொல்லிட்டா” என்றார். நான் சிரிக்கவில்லை. டேப்லெட்டில் இப்போது எடுத்த படத்தை மெதுவாக ஓடவிட்டுத் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மொரொசுமி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே?”

“சொல்லுங்கண்ணே.”

“பாப்பா தோளைத் திறக்கல. உன்னைப் பாக்குது.”

“என்னையா?”

“உன்னையேதான். நான் மேல வரிசையில நிக்கிறப்போ முதுகுப் பக்கத்திலேர்ந்து பாக்குறேன்ல. ஒரு சுத்து முடிஞ்ச உடனே தலை டக்குனு இடப்பக்கம் வந்து அங்கேயே நிக்குது. நீ நிக்கிற இடம். கண்ணு நின்னா உடம்பு நிக்காதா? எனக்கு நீதானேய்யா சொல்லிக் குடுத்தே?”

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இங்கே புதிதாக வருகிற யாருக்கும் முதல் நாள் சொல்வதே அதைத்தான். கண் போகிற பக்கம் தலை போகும், தலை போகிற பக்கம் தோள், தோளுக்குப் பின்னால் பலகை. கண் எங்கேயாவது ஒட்டிக்கொண்டால் சுற்று அத்தோடு சரி. மிச்ச வேகத்தில் உடம்பு இன்னொரு அரைச் சுற்று போய்ப் படுத்துவிடும்.

படத்தை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினேன். ஒரு சுற்று முடிகிறது. தலை இடப்பக்கம் வருகிறது. அங்கே என் மகள் நேராக என்னைப் பார்க்கிறாள். பனிக்காலத்தில் பெரிய கண்ணாடி மாட்டியிருப்பார்கள். இங்கே அது இல்லை. ஹெல்மெட்டுக்குக் கீழே இரண்டு கண்ணும் விரியத் திறந்து, டேப்லெட்டுக்குள் இருந்து என்னையே பார்த்தன. முந்தின படத்தைத் திறந்தேன். அதிலும். நேற்று எடுத்தது, போன வாரம், ஜூலை, ஜூன். எல்லாவற்றிலும் அதே இடம், அதே பார்வை. நூற்றுக்கணக்கான படங்கள். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறேன், தோளை, இடுப்பை, முழங்காலை. முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு மூங்கில் நிழலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். காலையில் நான் பிடித்து வைத்த சோற்று உருண்டைகள், உள்ளே புளித்த பிளம். விஷயம் பிடிபட்டுவிட்டது என்ற உற்சாகத்தில் இருந்தேன் நான். மருந்து கண்டுபிடித்தவன் போல ஆரம்பித்தேன்.

“ஒரு சுத்து முடிஞ்சதும் இடப்பக்கம் பாக்குறே. தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“தெரியுமா? எப்பலேர்ந்து?”

“ரொம்ப நாளா.”

“தெரிஞ்சுக்கிட்டேவா செய்யறே? அங்க என்ன இருக்கு? நான்தானே நிக்கிறேன்?”

அவள் உருண்டையைச் சுற்றியிருந்த கடற்பாசித் தாளின் நுனியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். “நீ டேப்லெட்டை எறக்கிட்டியான்னு பாக்குறேன்” என்றாள்.

நீ. தளத்தில், ஐந்து வருடத்தில் முதல் முறை. சொன்ன விஷயத்தை விட்டுவிட்டு என் காது அந்த ஒரு சொல்லைத்தான் முதலில் பிடித்தது. ‘இங்க நான் கோச்’ என்று வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, வெளியே வரவில்லை. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

“எதுக்கு எறக்கணும்?”

“அன்னிக்கு நான் விழுந்து கெடந்தப்போ நீ எறக்கவே இல்லப்பா.”

அன்னிக்கு என்றால் எந்த நாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், மார்ச்சில், மலையில், அசல் பனியில். அவளுக்குப் பதின்மூன்று வயது. காற்றில் நிலை தப்பி, இறுகிய பனியில் பக்கவாட்டில் வந்து மோதினாள். காறை எலும்பு முறிந்தது. எட்டு வாரம் கட்டு. அந்தக் கதையை நான் டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன், யசுயோவிடம் சொல்லியிருக்கிறேன், ஓகிதா அண்ணனிடம் எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. சொல்லும்போதெல்லாம் நான் ஓடுவேன். ஓடுகிற ஓட்டத்தில் வலது கையுறை எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாமல் ஓடுவேன்.

“என்ன பேசறே? நான் ஓடி வந்தேன். கிளவுஸ் கழண்டு விழுந்ததுகூடத் தெரியாம ஓடி வந்தேன்.”

“வந்தே. அப்புறமா வந்தே.”

“அப்புறம்னா?”

“நான் மூணு தடவை கூப்பிட்டேன்.” அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு நானும் கத்தித் தப்பித்திருப்பேன். “வேணும்னு பாக்கலப்பா. பாக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டேதான் ஒவ்வொரு தடவையும் மேலேர்ந்து கெளம்பறேன். சுத்தி வர்றப்போ கண்ணு தானா அங்க போயிடுது. நீ அதைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டே நிக்கிறே. அதுக்கு மேல சுத்த வரல.”

“சுமிரே, அது வந்து...”

“வீடியோ இருக்கும்ல. நீதான் எதையும் அழிக்க மாட்டியே. பாரு.” பெட்டியில் மிச்சமிருந்த உருண்டையை, எப்போதும் செய்கிற மாதிரி என் பக்கம் தள்ளி வைத்தாள். “அப்பா, செப்டம்பர் முடிஞ்சதும் நான் கோபேக்குப் போறேன். அம்மாகிட்ட பேசிட்டேன். அங்கேயே பள்ளிக்கூடம் சேந்துக்கறேன்.”

“தேர்வு?”

“பேர் எழுதிக் குடுத்தாச்சு, வர்றேன். எடுத்தாலும் போறேன், எடுக்கலைன்னாலும் போறேன்.”

கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து, பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வண்டிக்குள் அடுப்பு மாதிரி கொதித்தது. கண்ணாடியை இறக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்தேன். எல்லாப் படங்களையும் தேதி போட்டு அடுக்கி வைக்கிறவன் நான். அந்த மார்ச் மாதத்தின் ஒன்பதாம் தேதியை மட்டும் இரண்டு வருடமாகத் திறந்ததில்லை. பிள்ளை படுகிற வேதனையைப் பார்க்க மனசு தாங்காது என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

காற்று இரைகிறது. பலகை பனியை உரசி வருகிறது. சத்தம் நிற்கிறது, அவள் காற்றில் இருக்கிறாள். பிறகு அந்த அடி. படம் கொஞ்சமும் பிசகாமல் அவளைத் தொடர்ந்து போய், சரியாக நடுவில் வைத்து நிற்கிறது. நல்ல கைப்பழக்கம். அவள் பக்கவாட்டில் கிடக்கிறாள். கண்ணாடி தெறித்துப் போயிருக்கிறது. முகம் என் பக்கம்.

“அப்பா.”

படம் ஆடவில்லை. கீழே எண்கள் ஓடுகின்றன. ஆறு, ஏழு, எட்டு. படத்தில் அவள் பெரிதாகிறாள். ஓடத் தொடங்கிவிட்டேன் என்று ஒரு நொடி என் உயிர் திரும்பி வந்தது. இல்லை. நான் நின்ற இடத்திலேயே நின்று விரலால் பெரிதாக்கியிருக்கிறேன், தோள் எந்த நிலையில் விழுந்தது என்று பார்ப்பதற்கு.

“அப்பா.”

பதினைந்து, பதினாறு. அப்புறம் கிட்டத்தில் ஒரு ஆணின் குரல் கேட்கிறது. நிதானமான, பழகின குரல். “தோளைச் சீக்கிரம் திறந்துட்டே.”

மூன்றாவது முறை அவள் கூப்பிட்டது குரலாகவே இல்லை. பத்தொன்பதாவது நொடியில் படம் கவிழ்கிறது. பனி, என் பூட்ஸ், வானம், மூச்சிரைப்பு. ஆமாம், ஓடியிருக்கிறேன். கையுறைகூட அப்போதுதான் விழுந்திருக்கும். நான் சொல்லி வந்த கதையில் ஒரு சொல் பொய் இல்லை, ஆரம்பத்தில் நான் நின்றுகொண்டிருந்த அந்த நொடிகளைத் தவிர.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பேசியபோது யசுயோ கேட்ட ஒரே கேள்வி, “நீங்க எங்க இருந்தீங்க?” என்பதுதான். பக்கத்துலதான் இருந்தேன், உடனே ஓடிட்டேன் என்றேன். பக்கத்திலேயே கட்டிலில் சுமிரே விழித்துக்கொண்டுதான் இருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கட்டுப் பிரித்த மறு வாரமே, “எப்ப ஆரம்பிக்கலாம் கோச்?” என்று அவளே வந்து நின்றாள். அதைத் தைரியம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்போதிலிருந்து ஒவ்வொரு தாவலிலும் காற்றில் என்னைத் திரும்பிப் பார்த்து, இன்னும் இறக்கவில்லை, இன்னும் இறக்கவில்லை என்று பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதேன். வெளியே யாரோ வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அழுது முடிக்கக்கூட வெட்கமாக இருந்தது.

டேப்லெட்டைப் பக்கத்து இருக்கையில் போட்டுவிட்டு இறங்கினேன். அவளிடம் போய்ப் பேசத்தான் இறங்கினேன். அதற்குள் அவள் பாதிப் படி ஏறியிருந்தாள். முகம் தெரியவில்லை, நனைந்து முதுகில் ஒட்டிய சட்டை மட்டும் தெரிந்தது. எனக்கு நிற்க வேறு இடம் தெரியவில்லை. வழக்கமான இடத்திலேயே, மெத்தைக்கு இடப்பக்கம் போய் நின்றேன். கை இரண்டும் என்னுடையதாகவே இல்லை. பையில் விட்டேன், எடுத்தேன், கட்டிக்கொண்டேன், அதுவும் ஏதோ மிரட்டுகிற மாதிரி இருந்ததால் தொங்கவிட்டேன்.

“எங்க உன் பலகாரத் தட்டு?” என்றார் ஓகிதா அண்ணன்.

“வண்டியில.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மேலே சாரத்தைப் பார்க்கத் திரும்பினார்.

மேலே சுமிரே கையை உயர்த்தினாள். “போறேன்!” என்று தளம் முழுக்கக் கேட்கக் கத்தினாள். கிளம்பும் முன்னால் எல்லோரும் கத்துவதுதான். முள் விரிப்பில் பலகை சீறிக்கொண்டு வந்தது. மேட்டின் விளிம்பில் சத்தம் அறுந்தது. அவள் சுற்றினாள். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக நான் அதை ஒரு கண்ணாடித் தகட்டின் வழியாக இல்லாமல் பார்த்தேன். அவள் இவ்வளவு உயரம் போவாள் என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு சுற்று. தலை என் பக்கம் வந்தது. நான் என்ன செய்வது என்று தெரியாமல் பைத்தியக்காரன் மாதிரி இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினேன். பார்த்தாளா, தெரியாது. தலை நிற்காமல் என்னைக் கடந்து போனது. தோள் பின்னாலேயே போனது. ஒன்றரையைத் தாண்டினாள். அதற்கு மேல் உயரம் மிச்சமில்லை. பலகையின் ஓரம் மெத்தையில் குத்தி, அவளைத் தூக்கிப் பக்கவாட்டில் அடித்தது. இரண்டு முறை புரண்டு, குப்புறக் கிடந்தாள்.

மெத்தையில் யாருக்கும் அடிபடாது. ஒரு நாளைக்கு ஐம்பது பேர் இப்படி விழுந்து எழுந்து போகிறார்கள். இது தெரிந்த என் மண்டை ஒரு பக்கம் இருந்தது. கால்கள் அதற்குள் மெத்தையின் விளிம்பில் ஏறிவிட்டிருந்தன.

“ஐயா! மெத்தை மேல ஷூவோட ஏறக் கூடாது!” ஒலிபெருக்கியில் அலுவலகத்துப் பெண் பதறினாள். “ஐயா, யாரு அது, கீழ எறங்குங்க!”

பின்னால் ஓகிதா அண்ணன் மேலே பார்த்துக் கைகளைக் குறுக்கே வைத்துக்கொண்டு கத்தினார். “யாரும் வராதீங்க! நில்லுங்க! அப்படியே நில்லுங்க!”

ஓட முடியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போனது. விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். கடைசியில் நாலு காலில் தவழ்ந்தேன். சுமிரே எப்போதும் விழுந்த வேகத்தில் துள்ளி எழுந்து இடத்தைக் காலி செய்துவிடுகிறவள். பின்னால் வருகிறவர்கள் காத்திருக்கக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. இப்போது எழவில்லை. தலையை மட்டும் என் பக்கம் திருப்பி, நனைந்த துணியில் கன்னத்தை வைத்தபடி நான் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விழுந்து எழுந்து வந்த அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கேம்மா அடி? தோளா?”

“அடியெல்லாம் இல்ல.”

“கையை அசை பாக்கலாம்.”

“ஒண்ணும் ஆகலப்பா. மெத்தைதானே இது.”

“வீடியோ பாத்தேன்” என்றேன். அதற்கு மேல் சொல்ல எவ்வளவோ இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடின இமைக்கு அடியில் கண் இப்படியும் அப்படியும் நகர்ந்துகொண்டிருந்தது.

மூச்சு வாங்க முடியாமல் அப்படியே உட்கார்ந்தேன். என் கனத்துக்கு மெத்தை அமுங்கியது. ஒரு கை தூரத்தில் கிடந்தவள் அந்தச் சரிவில் மெல்ல என் பக்கம் வழுக்கி வந்தாள். அவளுடைய ஹெல்மெட் என் முழங்காலில் வந்து இடித்தது. அவள் முழங்கையை ஊன்றித் தன் இடத்துக்கே நகர்ந்து போனாள். பள்ளம் அவளை மறுபடி என்னிடமே கொண்டுவந்து சேர்த்தது. ஒலிபெருக்கியில் அந்தப் பெண் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுமிரே ஈரத் துணியில் கையை ஊன்றினாள். நான் இரண்டு பக்கமும் உள்ளங்கைகளைப் பதித்து, அவள் நகர்ந்து போக வசதியாக, என் கனத்தைக் கொஞ்சமாவது தூக்கிக்கொள்ளப் பார்த்தேன்.